ஃபைபர் போஸ்ட் ஏன் கழன்று வருகிறது? பல் மருத்துவரின் பதில்கள்

வேர் சிகிச்சை செய்த பல்லின் மேற்பகுதியைத் தாங்க, வேரின் நடுவே உள்ள கால்வாய்க்குள் ஒட்டும் சிறு கம்பிதான் போஸ்ட்; கண்ணாடி இழைகளை ரெசினில் (பிசினில்) பதித்துச் செய்தது ஃபைபர் போஸ்ட். அதை ஒட்டுவது குறித்து வந்த கேள்விகளுக்கு, இத்துறையைக் கற்பிக்கும் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

பட்டமேற்படிப்பு மாணவி: ஐயா, போஸ்டின் மேல் சிலேன் என்ற இணைப்புத் திரவத்தைப் பூசினால் பிடிப்பு கூடும் என்று சிலரும், பயனே இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

சிலேன் எதனோடு பிணையும் என்று பார்த்தால் இந்த முரண் விளங்கிவிடும். அதன் ஒரு முனை கண்ணாடியோடும் மறுமுனை போஸ்டை ஒட்டும் பசையான ரெசின் சிமெண்டோடும் பிணைகிறது. ஆனால் உறையிலிருந்து எடுக்கும் போஸ்டில் கண்ணாடி இழைகளைப் பெரும்பாலும் எபாக்ஸி ரெசின் மூடியிருக்கிறது. அந்த எபாக்ஸி முன்பே நன்றாக இறுகிப்போனது என்பதால், சிலேனோ சிமெண்டோ பற்றிக்கொள்ள அதில் இடம் மிகக் குறைவு. இழைகளை வெளிக்கொணர்ந்த பிறகு பூசினால்தான் சிலேன் தன் முழுப் பயனைத் தரும்.

தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவர்: விலையுயர்ந்த கருவி இல்லாமல் இழைகளை வெளிக்கொணர வழி உண்டா?

உண்டு. 24 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடமோ, 10 சதவீதக் கரைசலில் 20 நிமிடமோ போஸ்டை ஊறவைக்கும் முறை ஆய்வுகளில் நன்கு சோதிக்கப்பட்டது. அது மேற்பரப்பு எபாக்ஸியைக் கரைத்து, இழைகளை முறிக்காமல் விட்டுவிடுகிறது. இதை வாய்க்கு வெளியே, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே செய்யுங்கள். எஞ்சும் ஆக்ஸிஜன் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். ஆகவே நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே சிலேன் பூச வேண்டும். 50 மைக்ரான் அலுமினாத் துகள் வீச்சும் பயன்படும். ஆனால் அழுத்தமோ நேரமோ மிகுந்தால் இழைகள் அறுபட்டுப் போஸ்ட் மெலியும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இழைகளையே அரிப்பதால் ஃபைபர் போஸ்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பயிற்சி மருத்துவர்: சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானால் ஆன போஸ்டுக்கும் இதே முறைதானா?

இல்லை. அதில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் அமில அரிப்பும் வழக்கமான சிலேனும் உதவா. மென்மையான அலுமினா வீச்சும், சிர்கோனியாவோடு பிணையும் எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமரும் (ஒட்டுவதற்கு முன் பூசும் திரவம்) பொருத்தம்.

அதே பயிற்சி மருத்துவர்: இவையெல்லாம் செய்தும் ஒரு நோயாளியின் போஸ்ட் எட்டே மாதத்தில் கழன்றது. சிமெண்டும் அதனோடு ஒட்டி வந்தது. தவறு எங்கே?

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. சிமெண்ட் போஸ்டோடு வந்துவிட்டதால் போஸ்டின் பக்கம் பிடிப்பு நன்றாகவே இருந்திருக்கிறது. விட்டுக்கொடுத்தது டென்டின் பக்கம், அதாவது வேர்ச்சுவராக இருக்கும் பல்திசுவின் பக்கம். நான் பார்க்கும் தோல்விகளில் பெரும்பாலானவை இவ்வகையே. போஸ்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட வேர்க்கால்வாயின் சுவருக்குக் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். கிருமி நீக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவிய டென்டினில் தங்கும் ஆக்ஸிஜனும் ரெசின் இறுகுவதைக் கெடுக்கிறது. ஆகவே அதையே கடைசிக் கழுவலாக விடாதீர்கள். சுவரில் படியும் துகள் படலத்தை நீக்கும் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல், பிறகு ஸலைன் (உப்புநீர்) அல்லது தூய நீர், அதன் பின் ஈரம் உறிஞ்சும் பேப்பர் பாயிண்ட் என்று முடியுங்கள். போஸ்டுக்கு இடம் செய்தபின் வேர் சிகிச்சையில் நிரப்பிய குட்டாபெர்ச்சாவும் (ரப்பர் போன்ற பொருள்) சீலரும் (இடைவெளி அடைக்கும் பசை) சுவரில் படிந்திருக்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். குறுகிய கால்வாயில் சிமெண்ட் எல்லாப் பக்கமும் சுவரோடு ஒட்டியிருப்பதால், இறுகிச் சுருங்கும்போது எழும் இழுவிசை தணிய வழியில்லை. அங்கே சிறு அழுக்கும் பெரிய பலவீனமாகிறது. ஆழத்தில் ஒளி குறைவதால் தானாகவும் இறுகக்கூடிய சிமெண்ட்டே வேண்டும். ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. பல்சுவர் இல்லையென்றால், எந்தப் பசையும் நெடுநாள் தாங்காது.

மாணவி: போஸ்டை வைத்து அளவு பார்ப்பது சிலேனுக்கு முன்பா, பின்பா?

முன்பே. அளவு பார்த்து, ஆல்கஹாலால் துடைத்து, பிறகு பூசுங்கள். பூசிய பகுதியில் விரல் படக்கூடாது.

ஒரு நோயாளி: டாக்டர், போஸ்ட் கேப்போடு கழன்று கையில் வந்துவிட்டது. பல்லை எடுக்க வேண்டிவருமா?

பெரும்பாலும் வேண்டியிராது, அம்மா. எஃகு போஸ்ட் டென்டினைவிட ஏறக்குறைய 10 மடங்கு விறைப்பானது. ஃபைபர் போஸ்டின் நெகிழ்வோ டென்டினுக்கு நெருங்கியது. அதனால் வேர் பிளப்பதற்கு முன் போஸ்ட் கழன்றுவிடும் வாய்ப்பே அதிகம். வேரில் விரிசல் இல்லையென்று மருத்துவர் உறுதிசெய்தால் மீண்டும் ஒட்டலாம். எச்சில் வழியே கிருமிகள் வேருக்குள் இறங்கும் என்பதால் ஓரிரு நாளில் செல்லுங்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். கழன்ற துண்டைத் துடைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், சிமெண்ட் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.