எழுதியிருப்பதைப் படிக்கும் வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தளத்தை ஒரு வருடமாகப் படித்து வருகிறேன். நீங்கள் மெடிக்கல் கோடிங் துறையில் வேலை பார்த்தவர் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஒரு வருடம் வீட்டில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சென்னையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் பில்லிங், கோடிங் பயிற்சி பற்றி விசாரித்தோம். மூன்று மாதம், 42,000 ரூபாய், ஹாஸ்டல் தனி. நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். வேலை கிடைக்கும்வரை அசல் சான்றிதழ்களை அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டுமாம். வரும் சனிக்கிழமைக்குள் கட்டினால் 5,000 ரூபாய் குறைப்பார்களாம். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கிறேன் என்கிறார்.

சித்தப்பாவோ, "அது வெறும் டேட்டா என்ட்ரி, அதையும் இனிமேல் கம்ப்யூட்டரே செய்துவிடும்" என்கிறார். அது உண்மையா? என்னுடைய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையில் நிற்க முடியுமா?

பெயர் வெளியிட வேண்டாம்
பட்டுக்கோட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

அசல் சான்றிதழைக் கேட்கும் எந்த இடத்திலும் சேராதீர்கள். என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு பெண்ணுக்கு, இன்ஸ்டிட்யூட்டின் உதவி இல்லாமலே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மீதிப் பணம் வந்தால்தான் மதிப்பெண் பட்டியலைத் தருவோம் என்றார்கள். அவள் அப்பா கடன் வாங்கிக்கொண்டு வருவதற்குள் சேர வேண்டிய தேதி போய்விட்டது. பல வருடங்கள் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், பெரும்பாலும் பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம் அல்லது மெடிகேர் போன்ற அரசுத் திட்டம். என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை டாக்டர் பக்கம் பக்கமாக எழுதி வைப்பார். அதைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடும் சிகிச்சைக்கு ஒரு குறியீடும் கொடுத்தால்தான், பணம் கேட்டு அனுப்பும் கிளெய்ம் போகும். நோய்க்கு ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுத் தொகுப்பு. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இதுதான் நடைமுறை. அதற்கு முன்பிருந்த ஐசிடி-9-இல் சுமார் 14,000 குறியீடுகள். இதில் ஏறத்தாழ 70,000. கை முறிந்தது என்றால் போதாது. இடதா வலதா, எந்த எலும்பு, இது முதல் சிகிச்சையா அல்லது ஆறிவரும்போது பார்க்க வந்ததா என்று எல்லாம் வேண்டும். சிகிச்சைக்கு சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் தொடங்கிய தொகுப்பு அது; இப்போது ஐந்து இலக்கக் குறியீடுகள். முதலாவது முக்கியமாக அக்டோபரில் மாறும், இரண்டாவது முக்கியமாக ஜனவரியில் மாறும். இவற்றை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. வேலைக்குத் தேவையானது நினைவாற்றல் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சார்ட்டை, அதாவது ஒரு நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதிய குறிப்பை, எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூன்றாம் நிலை நாள்பட்ட சிறுநீரக நோய். டாக்டர் மூன்று வரியில் மூன்றையும் எழுதிவிட்டுப் போய்விட்டார். டேட்டா என்ட்ரி என்று நினைப்பவர் என்ன செய்வார்? நீரிழிவுக்கு இ11.9, இரத்த அழுத்தத்துக்கு ஐ10, சிறுநீரகத்துக்கு என்18.30 என்று தட்டிவிடுவார். முதல் இரண்டும் தவறு. டாக்டர் வேறு காரணம் என்று தெளிவாக எழுதாதவரை, நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. இரத்த அழுத்தத்துக்கும் அப்படியே. ஆகவே இ11.22, ஐ12.9, அவற்றோடு நோயின் நிலையைச் சொல்ல என்18.30. நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் அதற்குத் தனியாக இசட்79.4. பக்கத்தில் எங்கோ மருந்துப் பட்டியலில் அது ஒளிந்திருக்கும். தேடிப் படிக்காதவருக்குக் கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என்னுடைய தவறு அது. சேர்ந்த முதல் வருடம், ரேடியாலஜி சார்ட்டுகள். இருமலோடு வந்த ஒருவருக்கு ஸ்கேன். "நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய" என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் புற்றுநோய்க் குறியீட்டைப் போட்டுவிட்டேன். ஆடிட்டில் அது பிடிபட்டது. என் வேலையைச் சரிபார்க்கும் க்யூஏ ஒரு அம்மா. கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "டாக்டர் சந்தேகப்பட்டார், நீ முடிவு பண்ணிட்டியே" என்றார். வெளிநோயாளி சார்ட்டில் சந்தேகத்துக்குக் குறியீடு கிடையாது, இருமலுக்குத்தான் குறியீடு. அதே சந்தேகம், மருத்துவமனையில் தங்கி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் எழுதப்பட்டிருந்தால், சில விலக்குகள் போக, இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே சொல்லுக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு பொருள்.

அன்று அது பிடிபடாமல் போயிருந்தால், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் காப்பீட்டுப் பதிவில் அவருக்கு இல்லாத புற்றுநோய் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு எந்தச் சார்ட்டையும் நான் அலட்சியமாகத் திறந்ததில்லை. எழுதாதது நடக்காதது, எழுதியதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சொல்லும் விதி இது. டாக்டர் எழுதியதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல கோடர். 95 சதவீதத் துல்லியம் கேட்பார்கள், அதோடு ஒரு மணிக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட்டும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் முதல் ஆறு மாதம் எல்லோரும் அழுகிறார்கள். நானும் அழுதேன்.

உங்கள் ஆங்கிலம் பற்றி. கோடிங்கில் நீங்கள் யாரிடமும் பேசப் போவதில்லை, படிக்கப் போகிறீர்கள். அந்த மருத்துவச் சொற்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கோலெசிஸ்டெக்டமி என்று ஒரு சொல். கோலெ என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி நீக்குவது. சேர்த்தால் பித்தப்பை நீக்கம். தமிழிலும் அதே மூன்று துண்டு, அதே வரிசை. பள்ளியில் சொல்லைப் பிரித்து எழுதுக என்று மதிப்பெண் வாங்கினீர்கள் இல்லையா, அந்தப் பழக்கம்தான் இங்கே வேண்டும். நெஃப்ரோ வந்தால் சிறுநீரகம், ஐடிஸ் வந்தால் அழற்சி. இப்படி இருநூறு துண்டுகள் பழகிவிட்டால், ஆங்கில வழியில் படித்தவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அவருக்கும் அது கிரேக்கமும் லத்தீனும்தான். உடற்கூறியலில் விலங்கியல் படித்த நீங்கள் ஒரு படி முன்னால்கூட நிற்பீர்கள்.

பில்லிங் வேறு வேலை. கிளெய்ம் போன பிறகு பணம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று துரத்துவது. அதில் ஏஆர் காலிங், அதாவது வரவேண்டிய பணத்தைக் கேட்டுப் பேசுவது, என்றால் அமெரிக்காவுக்குப் போன் செய்து காப்பீட்டு நிறுவனத்தாரிடம் பேச வேண்டும். அங்கே கிழக்குக் கரையில் காலை எட்டு மணி நமக்கு மாலை ஐந்தரையோ ஆறரையோ. ஆகவே இரவு ஷிஃப்ட். சிஓ-29 என்று மறுப்பு வந்தால் கிளெய்ம் அனுப்பும் கெடு தாண்டிவிட்டது, சிஓ-50 என்றால் அந்தச் சிகிச்சை அவசியமில்லை என்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு வாதாடும் வேலை. மதிப்புள்ள வேலைதான். ஆனால் கோடிங் என்று பணம் வாங்கிக்கொண்டு இதில் சேர்த்துவிட்டு, "வேலை கொடுத்துவிட்டோமே" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. "வேலை உறுதி" என்றால் எந்த வேலை என்று கேளுங்கள்.

அப்புறம் சான்றிதழ். இன்ஸ்டிட்யூட் கொடுக்கும் சான்றிதழ் வேறு, கோடர்களுக்கான சிபிசி என்ற தொழில்முறைச் சான்றிதழ் வேறு. சிபிசி தேர்வை நடத்துவது அமெரிக்காவின் ஏஏபிசி என்ற அமைப்பு. நூறு கேள்விகள், நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டே எழுதலாம், வீட்டிலிருந்து ஆன்லைனிலும் எழுதலாம். அனுபவம் இல்லாமல் தேறினால் சிபிசி என்பதன் பின்னால், இன்னும் பயிற்சி நிலையில் இருப்பவர் (அப்ரெண்டிஸ்) என்பதற்கு ஒரு "ஏ" ஒட்டியிருக்கும்; வேலை பார்த்த பிறகு அதை எடுத்துவிடலாம். தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம் எல்லாம் டாலரில், புத்தகங்களும் விலை அதிகம். 42,000-இல் இவை அடக்கமா என்று கேட்டீர்களா? ஃப்ரெஷர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் கம்பெனிகளும் சென்னையில் இருக்கின்றன, உயிரியல் பட்டம் இருந்தால் கூப்பிடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த நேர்காணல்களுக்குப் போய்ப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பற்றி சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. எளிய எக்ஸ்ரே சார்ட்டுகளுக்கு இயந்திரமே குறியீடு போட்டுக் கொடுக்கிறது, மனிதர் சரிபார்க்கிறார். அந்தச் சரிபார்க்கும் நாற்காலிக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் இந்தக் குறியீடு என்று விதியைக் காட்டிச் சொல்லத் தெரியாமல், மூன்று மாதத்தில் குறுக்குவழி மட்டும் கற்று வருபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரு காரியம் செய்யுங்கள். ஐசிடி-10-சிஎம் குறியீடுகளும் அதன் அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகளும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விதிகள் நூறு பக்கத்துக்குச் சற்று மேல். முதல் பகுதியை மட்டும் பத்து நாள், அகராதியை வைத்துக்கொண்டு படியுங்கள். மேலே சொன்ன சிறுநீரக உதாரணத்துக்கான விதி அதில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். படிக்கப் படிக்கப் பிடித்தால் இது உங்கள் வேலை. மூன்றாம் நாளே வெறுத்துப்போனால், 42,000 ரூபாய் மிச்சம்.

சனிக்கிழமைக்குள் அவர்கள் போன் செய்வார்கள். தேர்வுக் கட்டணம் அடக்கமா, வேலை கோடிங்கா காலிங்கா, வேலை கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். என்ன அனுப்பினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா