மாணவர் மனநலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே சக மாணவர்களுக்கு மனநலம் பற்றிச் சொல்லித்தரும் குழுவில் இருக்கிறேன். மனச்சோர்வின் அறிகுறிகள், காரணங்கள், மருந்துகள் என எல்லாவற்றையும் விளக்கி நான்கு கூட்டங்கள் நடத்திவிட்டோம். அங்கே தலையாட்டியவர்களே வெளியே வந்ததும், ஆலோசகரைப் பார்த்துவரும் ஒரு நண்பனை ‘மென்டல்’ என்று அழைக்கிறார்கள். எங்கே தவறினோம்?

பதில்: நீங்கள் சொன்ன செய்திகளில் பிழை இருந்திருக்காது. அந்தக் கூட்டங்களில் இல்லாமல் போனது, மனநோயை அனுபவித்து மீண்ட ஒருவரின் குரல் என்று நினைக்கிறேன். ஒரு பிரிவினர் மீதுள்ள வெறுப்பு, அவர்களோடு சமநிலையில் பழகும்போதுதான் தணிகிறது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். மனநோயைப் பற்றிய ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. பேட்ரிக் காரிகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, வயதுவந்தோரின் மனப்பான்மையை மாற்றுவதில் பாடம் நடத்துவதைவிட நேர்ச்சந்திப்பே வலிமையானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘மூளையின் வேதியியல் கோளாறு’ என்று மட்டும் விளக்கினால், நோயாளியின் மீது பழி சுமத்துவது குறைகிறது; ஆனால் ‘இது ஒருபோதும் மாறாது’ என்ற அவநம்பிக்கை கேட்பவர் மனத்தில் கூடிவிடுகிறது. தேர்வுக்கு வர முடியாமல் ஒரு பருவத்தை இழந்து, சிகிச்சை பெற்று, மறுபடியும் வகுப்பில் வந்து அமர்ந்த ஒரு மாணவி பத்து நிமிடம் பேசினால், அந்த அவநம்பிக்கைக்கு அவளே விடையாகிறாள்.

ஆனால் பேச வருபவரை எவரும் வற்புறுத்தக் கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை வெளியே சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்பதை நீங்கள் முன்கூட்டியே அவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்த பிறகும் ஒருவர் அவரோடு இருக்க வேண்டும்.

மாணவர்களின் முயற்சி சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். மனநோய்க்கு ஆளாவோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கு 24 வயதுக்குள் அது தொடங்கிவிடுகிறது என அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2005-இல் தெரிவித்தது. அந்த வயதில் ஒருவருடைய உறக்கமும் பேச்சும் மாறுவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அறைத்தோழர்தான். தன் நோயை நெடுங்காலம் மறைத்தே வாழ்ந்த அண்ணனை 2000-இல் தற்கொலைக்குப் பறிகொடுத்த அலிசன் மால்மன், கல்லூரி மாணவியாக இருந்தபோதே தொடங்கிய சிறு குழுதான், இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இயங்கும் ‘ஆக்டிவ் மைண்ட்ஸ்’ அமைப்பாக வளர்ந்தது.

உங்கள் நண்பரைப் பொறுத்தவரை, அந்தச் சொல் அடுத்த முறை காதில் விழும்போது கூட்டத்துக்காகக் காத்திருக்காமல், ‘அவனை அப்படிக் கூப்பிடாதே’ என்று அங்கேயே சொல்லுங்கள். சொன்னவரை எல்லார் முன்னிலும் அவமானப்படுத்த வேண்டாம். தனியே அழைத்துப் பேசினால் அவரே உங்கள் குழுவுக்கு வரக்கூடும்.

கேள்வி: கூட்டம் முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, தனக்கு வாழப் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

பதில்: ‘தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நோய் இன்னதென்று கணிப்பதும் சிகிச்சை சொல்வதும் உங்கள் பணியல்ல. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் உடனே அவசர உதவியை அழையுங்கள். மற்ற நேரங்களில், ஆலோசகரைப் பார் என்று சொல்லி அனுப்பிவிடாமல், ‘எப்போது போகலாம், நானும் வருகிறேன்’ என்று சொல்லி உடன் செல்லுங்கள்.