மூடப்படும் முன்பே எழுதிவிடுங்கள்: கட்டுமானச் சட்டம், கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. கட்டுமானத்தில் ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலையால் மறைக்கப்படுகிறது. கடைக்காலை மண் மூடுகிறது, கம்பியைக் காங்கிரீட் மூடுகிறது, குழாயைப் பூச்சு மூடுகிறது. தகராறு எழும்போது அது பெரும்பாலும் மூடப்பட்டதைப் பற்றியே எழுகிறது. நீதிமன்றமோ மூடும் முன் எழுதிய காகிதத்தைக் கேட்கிறது. கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

மதுரை வாசகர்: சொந்த மனையில் 1,600 சதுரடி வீடு கட்ட, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுரடிக்கு 2,300 ரூபாய் என்று பேசி, ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டோம். இதுவரை 28 லட்சம் கொடுத்துவிட்டேன். கூரைத் தளம் போட்டதோடு வேலை நின்றுவிட்டது. கம்பியும் எம்-சாண்டும் விலை ஏறிவிட்டன, சதுரடிக்கு 300 ரூபாய் கூட்டித் தந்தால்தான் தொடர்வேன் என்கிறார் ஒப்பந்ததாரர். வேறு ஆளை வைத்து முடிக்கலாமா? ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் செய்யலாமா?

பதில்: ரெராவுக்குப் போக முடியாது. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், விற்பதற்காக மனைப்பிரிவையோ குடியிருப்பையோ உருவாக்குபவரைக் கட்டுப்படுத்துவது. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டித் தருபவர் அதற்குள் வரமாட்டார். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘சேவை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே வீடு கட்டித் தருவதையும் சேர்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும்.

விலையேற்றத்தைப் பொறுத்தவரை, பொருள் விலை ஏறினால் ஒப்பந்தத் தொகையும் ஏறும் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருந்தாலொழிய, அவர் தாமாகவே தொகையைக் கூட்ட முடியாது. எதிர்பாராத விலையேற்றத்தால் வேலை கட்டுப்படியாகாமல் போனது என்பது மட்டுமே ஒப்பந்தத்தைக் கைவிடக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1960ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொத்தத் தொகையான 36 லட்சத்து 80 ஆயிரத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கொடுத்துவிட்டீர்கள். வீடோ தள மட்டத்தில் நிற்கிறது. பூச்சு, தரை, கதவு சன்னல், மின்சாரம், குழாய் வேலை, வர்ணம் எல்லாம் பாக்கி இருக்கும் வீட்டில் என் அனுபவப்படி பாதிச் செலவுதான் ஆகியிருக்கும். வேலையின் கட்டத்துக்கு ஏற்பப் பணம் தருவதென்று எழுதாததே உங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

வேறு ஆளை வைக்கலாம். ஆனால் நாளைக்கே வைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கில், வீட்டுக்காரர் அவசரப்பட்டு இரண்டாவது ஆளை இறக்கி, மூன்றே வாரத்தில் சுவர்களைப் பூசி முடித்துவிட்டார். முதல் ஒப்பந்ததாரர், “குழாய் பதித்ததும் நான்தான், மின்சாரக் குழல் போட்டதும் நான்தான்” என்று சொன்னபோது, மறுத்துக் காட்ட எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. ஆகவே முதலில், ஒப்பந்ததாரருக்கு நாள் குறித்து எழுத்தில் தெரிவித்துவிட்டு, இதில் தொடர்பில்லாத ஒரு பொறியாளரை அழைத்து, நின்றுபோன நிலையிலேயே வீட்டை அளந்து அறிக்கை வாங்குங்கள். எத்தனை தூண், எத்தனை நீளச் சுவர், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் குறுக்குக் கட்டை) எங்கே விடுபட்டிருக்கிறது, மனையில் எத்தனை மூட்டை சிமென்ட் கிடக்கிறது, சென்ட்ரிங் தகடுகள் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடுகள்) யாருடையவை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அதன் பிறகு, “இத்தனை நாளுக்குள் வேலையைத் தொடராவிட்டால் உங்கள் பொறுப்பிலும் செலவிலும் வேறு ஆளை வைத்து முடிப்பேன்” என்று அவருக்கு ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். அந்த நாள் கடந்தபின் நீங்கள் கூடுதலாகச் செலவிடும் தொகையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்கீழ் அவரிடம் கேட்கலாம். நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் அதே பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்வதால், வீட்டை மழையில் நனையவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்பதும் உங்களுக்கே பாதகம்.

விழுப்புரம் வாசகி: அடுத்த வாரம் ஆயிரம் சதுரடிக்குத் தளம் போடுகிறோம். எனக்குப் பொறியியல் தெரியாது. நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: காங்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே மேலே ஏறுங்கள். கம்பி வலை, சென்ட்ரிங் தகட்டின்மேல் நேராகப் படுத்திருக்கக் கூடாது. தளத்தில் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி கீழே கவர் பிளாக் என்னும் சிறு கட்டைகளை வைத்திருக்க வேண்டும். ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்றியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு இடையே அளவு நாடாவை வைத்து, நாடாவின் எண் தெரியும்படி நான்கைந்து இடங்களில் படம் எடுங்கள். மறுநாள் காலை அந்தக் கம்பியை இனி யாரும் பார்க்க முடியாது.

ஊற்றும் நாளில் 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கலவையை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து அங்குலக் கனத்தில் உங்கள் தளத்துக்கு ஏறத்தாழ 12 கனமீட்டர் காங்கிரீட் ஆகும். அந்த அளவுக்கு, காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 இரண்டு மாதிரிகளைக் கேட்கிறது, மாதிரிக்கு மூன்று வீதம் ஆறு கட்டிகள். 28 நாள் கழித்து ஆய்வகத்தில் உடைத்துப் பெறும் அறிக்கைதான் பின்னாளில் உங்களுக்காகப் பேசும். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்பதால் குறைந்தது 10 நாள், வெயில் காலமானால் 14 நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்பது சாதாரண சிமென்டுக்குச் சொன்ன கணக்கு; பிபிசிக்கு இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த மனைக்கு முட்டு வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தினால் அதற்கு இணங்காதீர்கள்.

ஈரோடு ஒப்பந்ததாரர்: ஒரு வணிக வளாகம் கட்டிக் கொடுத்து இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. உரிமையாளர் வாய்மொழியாகவும் வாட்ஸ்அப்பிலும் சொன்ன கூடுதல் வேலைகளுக்கு 9 லட்சம் வர வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, தர மாட்டேன் என்கிறார்.

பதில்: உங்களைப் போன்றவர்களின் கடிதங்கள்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன, பெரிய ஒப்பந்ததாரருக்கு இருக்கும் அலுவலகமும் கணக்கரும் உங்களுக்கு இல்லை. ஆயினும் உங்கள் உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே காலவரம்பு. எனவே உங்களிடம் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். “பார்த்துத் தருகிறேன்” என்ற பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கட்டுமான ஒப்பந்தத் தகராறு, 3 லட்சத்துக்குக் குறையாத மதிப்புடையதானால், வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வருகிறது. அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்கில், முதலில் சமரசத்துக்கு விண்ணப்பித்த பிறகே தாக்கல் செய்ய முடியும். இது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். சமரசத்தில் கழியும் காலம் காலவரம்பில் சேராது. வாட்ஸ்அப் செய்திகளை அச்சிட்டுக் கொடுப்பது மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழும் வேண்டும். ஆகவே வழக்கு முடியும்வரை அந்தக் கைப்பேசியை மாற்றவோ விற்கவோ செய்யாதீர்கள். இனி எடுக்கும் வேலைகளில், உரிமையாளர் மனையில் நின்று “இந்தச் சுவரை இரண்டடி தள்ளுங்கள்” என்று சொன்ன அன்று மாலையே, அளவும் விலையும் குறித்த ஒரு வரியை அவருக்கு அனுப்பிச் ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

தாம்பரம் வாசகர்: அடுக்ககத்தில் குடிவந்து மூன்று ஆண்டு ஆகிறது. குளியலறைக் கசிவு பக்கத்து அறைச் சுவரை உரித்துவிட்டது. ஒப்பந்தத்தில் ஓராண்டு உத்தரவாதம்தான் இருக்கிறது என்கிறார் கட்டியவர்.

பதில்: ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு, கட்டமைப்பு, வேலைத்தரம், சேவை ஆகியவற்றில் உள்ள குறைகளுக்கு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டு பொறுப்பைக் கட்டியவர்மீது சுமத்துகிறது. குறையைத் தெரிவித்த 30 நாளுக்குள் அவர் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் ஈடு தர வேண்டும். ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று எழுதியிருப்பதால் சட்டம் தந்த ஐந்து ஆண்டு குறைந்துவிடாது. கசிவைப் படத்துடன் எழுத்தில் தெரிவித்து, அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, 30 நாள் கழிந்ததும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தை அணுகுங்கள். நீங்களே உடைத்துச் சரிசெய்துவிட்டு ரசீதோடு போவது வழக்கைப் பலவீனமாக்கும்.

சேலம் வாசகர்: பக்கத்து மனையில் நிலவறைக்காக எங்கள் சுவரை ஒட்டி வானம் (கடைக்கால் குழி) தோண்டுகிறார்கள். எங்கள் வீடு கட்டி 26 ஆண்டு ஆகிறது. சுவரில் விரிசல் தெரிகிறது.

பதில்: உங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலம் இயற்கையாகத் தரும் தாங்குதலைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை என்பதை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே எடுத்துக்காட்டோடு சொல்கிறது. நிலத்தின்மேல் உள்ள கட்டடத்தின் பாரத்துக்கும் அந்தத் தாங்குதலைக் கோர, 20 ஆண்டுகள் தடையின்றி அமைதியாக அனுபவித்திருக்க வேண்டும். நீங்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டீர்கள். இன்றே ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிப் படம் எடுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். அந்தப் படங்களோடும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையோடும் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். நிலவறைக்கு ஒப்புதல் பெற்ற வரைபடம் உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்திலும் எழுதிக் கேளுங்கள். பக்கத்து வீட்டாரோடு பேச்சு முறியாமல் இருந்தால், மண் சரியாதபடி தடுப்பு கொடுத்து, மனையின் நீளத்தைப் பகுதி பகுதியாகத் தோண்டச் சொல்லுங்கள். வழக்கு ஏறும் முன்பே வீட்டைக் காப்பது அதுதான்.

திருவண்ணாமலை வாசகி: என் கணவர் கொத்தனார், வயது 40. மூன்றாம் மாடிச் சாரம் சரிந்து விழுந்து இறந்துவிட்டார். மேஸ்திரி இரண்டு லட்சம் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கட்டட நிறுவனம், அவர் எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரியின் ஆள் என்கிறது. கூலிச் சீட்டும் இல்லையே, என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தக் கையெழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். வேலையில் இறந்த தொழிலாளிக்குரிய இழப்பீட்டை அதற்கான அதிகாரியிடம் செலுத்தியே தர வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கருதப்படாது என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்தது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய காகிதமும் அந்த அளவில் செல்லாது. கட்டடம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், தன் வேலையை மேஸ்திரியிடம் பிரித்துக் கொடுத்திருந்தாலும், தானே வேலைக்கு வைத்தது போலவே பொறுப்பாகும். பிறகு மேஸ்திரியிடம் அது வசூலித்துக்கொள்ளட்டும். தொழிலாளர் சட்டங்கள் தொகுப்புகளாக மாறியபோதும் இந்தக் கொள்கைகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கின்றன.

மாதக் கூலியின் பாதியை, இறந்தவரின் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கினால் வருவதே இழப்பீடு. 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலியை 15,000 என்று கொண்டால்கூட 13,81,275 ரூபாய் ஆகிறது. உங்களுக்குக் கொடுத்த இரண்டு லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தது நாடறிந்த செய்தியானது. ஒருவர் ஒருவராகச் சாரத்திலிருந்து விழுந்து இறப்பவர்களின் குடும்பங்கள் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுவிட்டு ஊர் திரும்புகின்றன.

உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்து மரண உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்; அது நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு மாற்று அல்ல. கூலிச் சீட்டு இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று அவரோடு அதே சாரத்தில் நின்ற கொத்தனார், சித்தாள் இருவரின் பெயரையும் ஊரையும், அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடும் முன்பு, இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.