மகனைக் கால்பந்து அகாடமியில் சேர்க்க ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள். ஈசிஜி மட்டும் எடுத்தால் போதுமா?

போதாது. ஈசிஜிக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பையனுக்கு 14, 15 வயது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: அம்மா வழியிலோ அப்பா வழியிலோ 50 வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உண்டா? மாரடைப்பை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கியவர், காரணம் தெரியாமல் வண்டியோடு விழுந்தவர், வலிப்பு என்று சொல்லப்பட்டவர், எல்லாரையும் கேளுங்கள். பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு இப்படியும் மறைந்திருக்கும். பையனிடம் தனியாகக் கேளுங்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைப்பான். ஓட்டம் முடிந்து நின்றபின் வரும் தலைசுற்றல் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருந்தால் இதய நிபுணர் பார்க்கும்வரை விளையாட்டே வேண்டாம்.

டாக்டர் பையனைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண மர்மர் (இதயத்தில் கேட்கும் கூடுதல் இரைச்சல்) பையன் எழுந்து நின்றால் பொதுவாகக் குறையும்; இதயத் தசை தடித்த நோயில் கூடும். கை நாடியையும் தொடை இடுக்கு நாடியையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். இடுக்கில் துடிப்பு மந்தமாகவோ தாமதமாகவோ இருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி சுருங்கியிருக்கலாம். உயரமாக, ஒல்லியாக இருக்கிற பையனென்றால் விரித்த கைகளின் நீளத்தை உயரத்தால் வகுங்கள். 1.05-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மார்ஃபான் என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்று எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்கச் சொல்லலாம்.

இதெல்லாம் பார்க்காமல், பையன் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிற சர்டிஃபிகேட்டை நினைத்தால் வயிறு எரிகிறது. கடைசி நாளில் "நாளைக்கே கொண்டு வா" என்கிற கோச்சுகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஈசிஜி வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுங்கள். இத்தாலி போட்டி வீரர்களுக்கு 1982-லேயே அதைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6-லிருந்து 0.4-ஆகக் குறைந்தது. தேவையில்லாத பயத்தைக் கிளப்பும் என்று அமெரிக்க இதயச் சங்கம் எல்லாருக்கும் ஈசிஜி கேட்பதில்லை, 14 அம்சக் கேள்வியும் உடல் பரிசோதனையுமே அவர்கள் முறை. அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. மெஷினே அச்சடிக்கும் 'எல்விஎச்' (இதயத்தின் இடது அறை தடித்திருக்கலாம் என்ற குறிப்பு), வேறு மாற்றம் எதுவும் இல்லாவிட்டால், பயிற்சி பெற்ற பையன்களுக்குச் சாதாரணம், நாடி நிமிடத்துக்கு 45 இருப்பதும் அப்படித்தான். 16 வயதுக்குள், மார்பில் ஒட்டும் ஈசிஜி இணைப்புகளில் வி1 முதல் வி3 வரை, வரைபடத்தின் டி அலை தலைகீழாக இருக்கலாம். வி5, வி6-இல் இருந்தால் எக்கோ கட்டாயம். அதனால் விளையாட்டு வீரர்களின் ஈசிஜி பார்த்துப் பழகியவரிடம் காட்டுங்கள்.

ஈசிஜி சரியாக வந்தாலும், இதயத்தின் ரத்தக் குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியாது. டென்மார்க்கின் எரிக்சன் எல்லாப் பரிசோதனைகளும் நடக்கிற உயர்மட்டக் கால்பந்தில் ஆடியவர், 2021-இல் மைதானத்திலேயே விழுந்தார். உடனே நெஞ்சை அமுக்கி ஷாக் கொடுத்ததால் பிழைத்தார். சேர்க்கும் முன் அகாடமியில் கேளுங்கள்: இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது, நெஞ்சை அமுக்கும் சிபிஆர் முதலுதவி தெரிந்தவர் யார்? காய்ச்சலும் உடம்புவலியும் இருக்கிற நாளில், சர்டிஃபிகேட் கையில் இருந்தாலும், பையனைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். வைரஸ் இதயத் தசையையும் தாக்கலாம்.