'டெர்ரிஃபிக்' என்றால் திட்டா, பாராட்டா?

கேள்வி: ஓய்வு பெறும் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதியிருக்கிறேன். 'யுவர் டெர்ரிஃபிக் லீடர்ஷிப்' என்று ஓரிடத்திலும், 'யுவர் எக்ரீஜியஸ் சர்வீஸ்' என்று ஓரிடத்திலும் வருகிறது. டெர்ரிஃபிக் என்றால் 'அச்சமூட்டும்' என்று நண்பர் பயமுறுத்துகிறார். எக்ரீஜியஸின் வேர்ப்பொருள் உயர்வானது என்று படித்துத்தான் போட்டேன். எதை மாற்றுவது?

பதில்: டெர்ரிஃபிக் இருக்கட்டும். எக்ரீஜியஸை உடனே எடுத்துவிடுங்கள். அது அப்படியே போனால், 'படுமோசமாக வேலை பார்த்தீர்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டதாகிவிடும்.

நீங்கள் படித்த வேர்ப்பொருள் சரிதான். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவதே எக்ரீஜியஸ். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பாராட்டாகவும் வழங்கியது. அதே நூற்றாண்டில் அதைக் கிண்டலாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள். நாளடைவில் பாராட்டு உதிர்ந்து கிண்டல் மட்டும் தங்கிவிட்டது. இன்று அதன் பின்னால் வருபவை 'எரர்', 'வயலேஷன்' போன்ற சொற்கள்தான். இத்தாலிய மொழியிலோ 'எக்ரீஜியோ' இன்றும் கடிதத் தொடக்கத்தில் வரும் மரியாதைச் சொல். தமிழில் 'நாற்றம்' பட்ட பாடும் இதுவே: ஒரு காலத்தில் நறுமணம், இன்று மூக்கைப் பொத்த வைக்கும் சொல்.

டெர்ரிஃபிக் போன திசை இதற்கு நேரெதிர். அச்சுறுத்து என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது உண்மையிலேயே 'அச்சமூட்டும்' என்றுதான் பொருள். பிறகு பயம் தேய்ந்து அளவு மட்டும் மிஞ்சியது: டெர்ரிஃபிக் வேகம், டெர்ரிஃபிக் சத்தம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'அபாரம்' ஆனது. 'பயங்கரமாப் பாடினாங்க' என்று நாம் சொல்லும்போது பயத்தை யார் நினைக்கிறார்கள்? ஆனால் அதே வேரில் பிறந்த 'டெர்ரிபிள்' மட்டும் மோசம் என்ற பொருளிலேயே நின்றுவிட்டது. 'ஆசம்', 'ஆஃபுல்' இரண்டும் இப்படிப்பட்ட உடன்பிறப்புகள்தான். பழைய நார்ஸ் மொழியில் அச்சத்தைக் குறித்த ஒரே சொல்லிலிருந்து வந்தவை. ஒன்று பாராட்டானது, மற்றது வசவானது.

அப்பாவிபோல் தெரியும் 'நைஸ்' கதை இன்னும் வேடிக்கை. 'அறியாதவன்' என்னும் லத்தீன் சொல்லில் கிளம்பி, ஆங்கிலத்தில் முதலில் முட்டாளைக் குறித்தது. அப்புறம் எதற்கெடுத்தாலும் குறை பார்ப்பவர், அப்புறம் நுணுக்கம் என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமைக்கு வந்து சேர்ந்தது. 'எ நைஸ் டிஸ்டிங்க்ஷன்' என்றால் இன்றும் 'நுட்பமான வேறுபாடு' என்றே பொருள். அழகான வேறுபாடு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

குழப்பத்துக்கு அகராதியின் வரிசையும் ஒரு காரணம். ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி காலவரிசைப்படி பழைய பொருளை முதலில் தரும். மொழி கற்பவர்களுக்கான அகராதிகள் இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் தரும். மடல் எழுத உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. பொருளுக்குப் பக்கத்தில் 'ஆர்க்கெயிக்' என்ற குறிப்பு இருந்தால் அது வழக்கொழிந்தது, தொடாதீர்கள். அப்புறம் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். அந்தப் பெயரடைக்கு அடுத்து வருபவை நல்ல சொற்களா, கெட்ட சொற்களா என்பதிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

இன்னொன்று: டெர்ரிஃபிக், எக்ஸலன்ட் இரண்டும் ஏற்கெனவே உச்சியில் இருப்பவை, 'வெரி' சேர்க்காதீர்கள். அழுத்தம் வேண்டுமானால் 'அப்சல்யூட்லி' போடலாம். 'குவைட் குட்' பக்கமே போகவேண்டாம். பிரிட்டனில் பலருக்கு அது 'பரவாயில்லை' என்றுதான் கேட்கும்.

எக்ரீஜியஸ் இருந்த இடத்தில் 'அவுட்ஸ்டாண்டிங்' போடுங்கள். நீங்கள் சொல்ல நினைத்த அதே 'தனித்து நிற்பது' அதில் இருக்கிறது. பின்னால் 'சர்வீஸ்' வந்தால் பாராட்டு. 'அமவுன்ட்' வந்தால் மட்டும் பாக்கித் தொகை. டெர்ரிஃபிக்கில் பேச்சு வாடை கொஞ்சம் உண்டு. கையால் எழுதும் மடலுக்கு அது அழகு. சட்டம் போட்டு மாட்டும் பாராட்டுப் பத்திரம் என்றால் 'எக்ஸலன்ட்' என்று மாற்றிவிடுங்கள்.