மூன்றாம் அத்தியாய மந்திரக் காட்சி பற்றி

வணக்கம். உங்கள் கதை விளையாட்டின் அந்தக் காட்சியில் என்ன தேர்ந்தெடுத்தாலும் மந்திரம் தோற்கிறது என்று சோதித்தவர்கள் சொல்வதாகவும், பத்தில் ஆறு முறை வெல்லும்படி அமைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரு தரப்பும் சொல்வது சரியே. கதை விளையாட்டுகளை உருவாக்கும் கருவியான ரென்பையின் சொந்த ரேண்டம் வசதி, அதாவது தற்செயல் எண் தருவது, ரோல்பேக்கோடு (ஆட்டத்தைப் பின்னோக்கி நகர்த்துவதோடு) ஒத்துப்போகும்படி செய்யப்பட்டது. மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பின்னால் போய் மீண்டும் வந்தாலும் அதே எண்தான் விழும். தோற்றவர் திரும்பிப் போவார், வேறு வழியைத் தேர்ந்தெடுப்பார், மறுபடியும் தோற்பார், ஏமாற்று வேலை என்று முடிவு கட்டுவார். பைத்தான் நிரல்மொழியின் பொது ரேண்டமுக்கு மாறினால் ஒவ்வொரு முறையும் புது எண் விழும், வெல்லும் வரை உருட்டிக்கொண்டே இருப்பார்கள், அதுவும் வேண்டாம். ரோல்பேக்கைத் தடுக்கக் கட்டளை உண்டு, ஆனால் வாசிக்க வந்தவர்களுக்கு அது எரிச்சல்தான்.

நானாக இருந்தால் பகடையையே எடுத்துவிடுவேன். முதல் அத்தியாயத்தில் சூனியக்காரியிடம் உண்மை சொன்னார்களா என்பதை ஒரு மாறியில் (நிரலில் மதிப்பை நினைவில் வைக்கும் பெயர்) வைத்து, அதுவே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கட்டும். மாறியை ரென்பையின் டெஃபைன் (define) வரியால் அல்ல, டிஃபால்ட் (default) வரியால் அறிவியுங்கள். ஆட்டத்தைச் சேமிக்கும்போது டெஃபைன் மதிப்புகள் அதில் நிற்காது. தோற்றால் காரணத்தை அவளே ஒரு வரியில் சொல்லட்டும், கொஞ்சம் நக்கலாகவே.

கதை மெதுவாக நகர்கிறது என்ற சோதித்தவர்களின் புகாரை இப்போது தொடாதீர்கள். இதைச் சரிசெய்த பிறகு அவர்களிடமே மீண்டும் கேளுங்கள். பாதி இதிலிருந்தே வந்திருக்கலாம்.