எழுத வருகிறது, பேச வரவில்லை

கேள்வி: ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நான் எழுதும் ஆங்கில மின்னஞ்சலில் மேலாளர் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டார். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங் என்றால் வாயடைத்துப்போகிறேன். உடன் வேலை செய்பவரோ தப்பும் தவறுமாகப் பேசியே காரியத்தை முடித்துவிடுகிறார். ஆன்லைன் தேர்வு ஒன்று என்னை ‘இன்ட்ரோவர்ட்’, அதாவது தனக்குள்ளேயே ஒதுங்கும் சுபாவக்காரர் என்கிறது. இது மாறவே மாறாதா?

பதில்: முதலில் அந்தத் தேர்வை ஓரமாக வையுங்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு முடிவு வருவது சகஜம்.

ஆனால் உங்கள் சங்கடம் நிஜம்தான். டெவேல், ஃபர்ன்ஹம் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் இதைப் பற்றி எழுதினார்கள். எழுத்துத் தேர்வுகளை வைத்துப் பார்த்தால் இன்ட்ரோவர்ட்டுக்கும் கலகலப்பானவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். பேச்சில்தான் தெரிகிறது, அதிலும் பதற்றமான நேரத்தில். சொல்லைத் தேடுவது, இலக்கணம் பார்ப்பது, எதிராளியின் முகத்தைப் படிப்பது எல்லாவற்றையும் நினைவு ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். பதற்றமும் ஏறி உட்கார்ந்தால் பேச்சு திக்கத்தானே செய்யும்? ஆக, உங்களுக்கு மொழி வராமல் இல்லை.

எனவே சுமையைக் குறையுங்கள். என்ன பேசப்போகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழு உரையையும் எழுதி வைக்க வேண்டாம். ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். விலையைச் சொல்ல, மறுக்க, அவகாசம் கேட்க என்று மூன்று தொடக்க வாக்கியங்கள் போதும். அப்புறம், முதல் இரண்டு நிமிடத்துக்குள் எதையாவது பேசிவிடுங்கள், வணக்கமாக இருந்தாலும் சரி. தாமதிக்கத் தாமதிக்க வாய் திறப்பது கடினமாகும். பதில் தோன்றாவிட்டால் வாடிக்கையாளர் சொன்னதையே உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, “இதுதானே?” என்று கேளுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும். அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்பதும் தெரிந்துவிடும்.

உடன் வேலை செய்பவரைப் பார்த்து ரொம்பவும் ஏங்க வேண்டாம். சரளமாகப் பேசுகிறவர்கள் புரியாததற்கும் தலையாட்டிவிடுவதுண்டு. அளவிலும் தேதியிலும் அது வினையாக முடியும். மீட்டிங் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பேசி முடிவானதை நீங்கள் மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆனால் அவர் பேச, நீங்கள் குறிப்பெடுக்க என்றே பழகிவிடாதீர்கள். அது சுகமான ஒளிவிடம். அடுத்த மீட்டிங்கில் டெலிவரி தேதி பற்றி நீங்கள்தான் பேசுவீர்கள் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.